சாலையைப் பற்றிய எழுத்து

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு வடிவங்கள் உண்டு என்று ஆண்டுதோறும் முதலாமாண்டு வகுப்பில் சொல்லித் தருகிறோம். மோட்டார் வாகனத்தின் தொடக்ககால வரலாற்றைப் படித்தபோது, எழுத்து இன்னொரு வேலையும் செய்திருப்பதை அறிந்து வியந்தோம். டயரின் மேல் புடைத்து நின்று, சாலையைப் பற்றிக்கொண்டு, உயிர்காக்க முயன்றிருக்கிறது எழுத்து.

1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1895-இல் நடந்த பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் அத்தகைய டயர் பூட்டிய காரை ஓட்டினர். அக்கால டயர்கள் வழுவழுப்பானவை. உலர்ந்த சாலையில் அதனால் பெருங்குறை இல்லை. மழை பெய்தாலோ நீரும் சேறும் ரப்பருக்கும் தரைக்கும் இடையே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். குதிரை வண்டியை இழுப்பது குதிரையின் குளம்பு. காரிலோ வண்டியைச் செலுத்துவதும் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் பிடிப்பே. அது நழுவினால் எல்லாம் நழுவும்.

இதற்குத் தீர்வு தேடியவர்கள் பலர். டயர்மீது தோல் போர்த்தி எஃகுக் குமிழ்களை அறைந்தனர். 1904-இல் ஹாரி வீட் என்ற அமெரிக்கர் டயரைச் சுற்றிப் பூட்டும் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் ரப்பரிலேயே வடிவம் பதித்த கார் டயரைக் கொண்டுவந்தது. 1908-இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் செய்தது நம்மைக் கவர்ந்தது. தன் பெயரையும், ‘வழுக்காதது’ எனப் பொருள்படும் ‘நான் ஸ்கிட்’ என்ற சொல்லையும் டயரின் மேற்பரப்பில் சாய்வான புடைப்பெழுத்துகளாக வார்த்தது. எழுத்துகளின் மூலைகளும் ஓரங்களும் பல திசைகளை நோக்கி நிற்பதால், எப்பக்கம் சறுக்கினாலும் ஏதோ ஓர் ஓரம் தடுக்கும் என்பது கணக்கு. மண்சாலையில் கார் சென்ற தடமெங்கும் அச்சொற்கள் பதிந்தன. செலவில்லாத விளம்பரமும் ஆயிற்று.

சொல் சொன்னபடி நடந்ததா? தொடக்கத்தில் சாலையே சோதனைக்கூடம்; வாங்கி ஓட்டியவரே சோதனையாளர். முறையாக அளந்தறிவது பின்னரே வந்தது. 1934-இல் அமெரிக்காவின் அயோவாவில் ரால்ஃப் மோயர் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு சாலைப்பரப்புகளில் டயரின் பிடிப்பை அளந்து காட்டியது. நனைந்த சாலையில் வேகம் கூடக்கூடப் பிடிப்பு குறைகிறது. அதிலும் வழுவழுப்பான டயர் பின்தங்குகிறது. புடைப்பைப் போலவே, புடைப்புகளுக்கு இடையேயுள்ள பள்ளமும் இன்றியமையாதது; நீர் வெளியேறும் வாய்க்கால் அது. காலப்போக்கில் டயர்கள் எழுத்தைக் கைவிட்டு வாய்க்கால்களை ஏற்றன.

இவ்வரலாற்றை நாம் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. ஓர் ஐப்பசி மழையில் நம் மாணவர் ஒருவர் இருசக்கர வாகனத்தோடு சறுக்கி விழுந்து தோளெலும்பு முறிந்தார். "தம்பி, பட்டனெல்லாம் தேஞ்சு போச்சு. மொட்டை டயரு, மழைக்கு ஆகாது" என்று பஞ்சர் கடைக்காரர் முன்னரே எச்சரித்திருந்தாராம். புது டயரின் விலை, அம்மாணவரின் தந்தைக்குச் சில நாள் கூலி. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அப்பருவத் தேர்வை அவர் எழுத இயலவில்லை.

இருசக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அப்பள்ளத்தின் ஆழத்துக்கு அவ்விதிகள் இட்டிருக்கும் பெயர் ‘நான் ஸ்கிட் டெப்த்’. டயரிலிருந்து மறைந்த சொல் சட்டத்தில் தங்கிவிட்டது!

கல்வெட்டில் எழுத்து சிதைந்திருந்தால், முன்பின் நோக்கி ஊகித்துப் படித்துவிடலாம். டயரில் தேய்ந்ததை அவ்வாறு ஊகித்து ஓட்ட இயலாது. ஆகவே இப்போதெல்லாம் ஐப்பசி பிறக்கும் முன்னரே, "இன்று வீடு திரும்புமுன் அவரவர் டயரைக் குனிந்து படித்துவிட்டுச் செல்லுங்கள்" என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் இதுவும் வாசிப்புப் பயிற்சிதான்.