செம்பு இழை

ஐந்து கிலோமீட்டர் ஓடும், முக்கும், நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரம்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். என் பழைய மொபெட்டின் இந்த நோய்க்கு ஒரு சர்வீஸ் சென்டரில் கார்பரேட்டரையே மாற்றினார்கள். பணம் போனது, நோய் போகவில்லை. “திருத்தணிக்கு எடுத்துட்டு வாடா” என்றான் நண்பன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம். காவடிகள் போகிற சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டிய மெக்கானிக்கின் கையில் அப்போது இருந்தது நகரியிலிருந்து வந்த மாந்தோப்புக்காரரின் பவர் ஸ்பிரேயர். இருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக் கோடு போட்டவர்கள் ஸ்பிரேயர்களைக் கேட்டுப் போடவில்லை.

போன பருவத்துப் பெட்ரோலை உள்ளேயே விட்டு மூலையில் வைத்துவிட்டார் தோப்புக்காரர். பெட்ரோல் ஆவியாகிப்போக, மிச்சம் பிசின்போல ஜெட்டில் அப்பிக்கொண்டது. ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஒரு குட்டிப் பித்தளைத் திருகு. நடுவில் ஊசிமுனை அளவுத் துளை. மெக்கானிக் ஒரு தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே தீக்குச்சி இல்லை. பழைய ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகள். ஒன்றை உருவித் துளையில் விட்டு மெல்லச் சுழற்றினார்.

“குண்டூசிய வுட்டா ஓட்டை பெருசாயிடும் சார். அப்புறம் இன்ஜின் பெட்ரோல குடிக்கும். செம்பு வளைஞ்சு குடுக்கும், பித்தளைய கீறாது.”

ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். என்னிடமும் நீட்டினார். கடுகைவிடச் சிறிய வெளிச்சம், முழு வட்டமாக. ஓரம் பிசிறாகத் தெரிந்தால் அழுக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தமாம்.

என் வண்டிக்கு வந்தவர் கார்பரேட்டரைக் கழற்றவே இல்லை. அடியிலிருக்கும் திருகை மட்டும் தளர்த்தி, வெட்டிய தண்ணீர் பாட்டிலைப் பிடித்தார். பெட்ரோல் நன்றாகக் கொட்டியது. பிறகு நூலாக மெலிந்தது. பிறகு சொட்டு. டேங்க் மூடியைத் திறந்தார். ‘புஸ்’ என்று ஒரு சத்தம். கீழே மறுபடி கொட்டத் தொடங்கியது.

“டேங்க்குக்கு மூச்சு முட்டுது சார், அவ்ளோதான்.”

பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று நுழைய வேண்டும். அதற்கான மூடித் துளை புழுதியில் அடைந்திருந்தது. அதே தீப்பெட்டி, அதே இழை.

கார்பரேட்டரை மாற்றியவர்களுக்கு இது தெரியாதா? மூடியைக் குத்திவிட்டால் எதற்கு பில் போடுவது? பில்லில் உதிரிபாகத்துக்கு ஒரு வரி உண்டு, கண்டுபிடித்ததற்கு ஒரு வரியும் இல்லை. பாகத்தை விற்றால் கமிஷன்; பழுதைப் புரிந்துகொண்டால் கூலிகூட இல்லை. நமக்கும் இதில் பங்கு உண்டு. புதுச் சாமானைக் கண்ணில் காட்டினால்தான் பர்ஸைத் திறக்கிறோம்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின், புதிய பைக்குகளில் அநேகமாக கார்பரேட்டரே கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான். அப்படியென்றால் தொழில் படுத்துவிட்டதா என்றேன். சிரித்தார். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களை ஊத வைக்கும். அதனால் பழைய வண்டிகள் முன்பைவிட அதிகமாகவே வருகின்றனவாம்.

“வேலைக்குக் கொறச்சல் இல்ல. கத்துக்கத்தான் பசங்க இல்ல.”

கூலி ஐம்பது ரூபாய் கேட்டார். உங்கள் வண்டியும் இப்படி ஓடி ஓடி நின்றால், யாரிடமும் கொண்டுபோவதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து, சத்தம் வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.