பேட்டரி புதுசு, வண்டி மட்டும் கிளம்பலை

காசு கொடுத்து வாங்கின பொருள் மேலதான் நமக்கு முதல் சந்தேகம் வருது. புது பேட்டரி போட்டும் கார் கிளம்பலைன்னா உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீங்க. சாவியைத் திருப்பிட்டு சத்தத்தைக் கேளுங்க.

"டிக்"னு மட்டும் வந்தா, முதல்ல டெர்மினல் கிளாம்பை அசைச்சுப் பாருங்க. அசைஞ்சா இறுக்கணும். லைட் எரியுதே, ஹாரன் அடிக்குதேன்னு ஏமாற வேண்டாம். அதுக்கெல்லாம் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல இழுக்கும். மீட்டர்ல 12.6 வோல்ட் காட்டுற பேட்டரியும் லூசான கிளாம்ப் வழியா அதைக் கொடுக்க முடியாது.

மோட்டார் நல்லா சுத்தியும் இன்ஜின் பிடிக்கலையா? டாஷ்போர்டுல சாவி படம் மின்னுதான்னு பாருங்க. மின்னினா, திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் உங்க சாவியை ஏத்துக்கலைன்னு அர்த்தம்.

குன்றத்தூர்ல எங்க எதிர்வீட்டு அண்ணன் வண்டியில இது ரெண்டுமே இல்லை. பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோட இணைக்கிற எர்த் பட்டையோட போல்ட்டுக்கு அடியில ஒரே துரு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து அடையாறு கரை மீறின 2015 டிசம்பரைப் பார்த்த பகுதி இது. மழைத் தண்ணியில நின்ன வண்டின்னா இந்த இடத்தைக் கண்டிப்பா பார்க்கணும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினதும் வண்டி கிளம்பிடுச்சு.

நீங்களே கழற்றுறதா இருந்தா, நெகட்டிவை முதல்ல எடுங்க, கடைசியா மாட்டுங்க. அப்பதான் ஸ்பேனர் பாடியில பட்டாலும் பொறி பறக்காது.