ராசாத்தியின் ஓய்வுக்காலம்

ஏப்ரல் 3

மன்னாரில் இருந்துகொண்டு கழுதை வளர்க்கப்போகிறேன் என்றால், கடற்கரையில் மணலை விலைக்கு வாங்குகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். பஸ் நிலையத்தில் கழுதை, சந்தையடியில் கழுதை, கோட்டை மதிலோரம் கழுதை. அரபு வணிகர் கப்பலில் கொண்டுவந்து விட்ட பரம்பரை என்பது இங்கே வழங்கும் கதை. லொறி வந்தபின் சுமக்கச் சுமையில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டன.

ராசாத்தி அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில் இயேசுவாக வேஷம் கட்டும் பெடியனைச் சுமந்தவள். பான்ட் வாத்தியம், குருத்தோலை, சனம் எதற்கும் மிரளாதவள். போன வருஷம் ஆளைக் கடித்துவிட்டாள் என்று கழித்துவிட்டார்கள்.

இன்று படலைவரை ஒழுங்காக வந்தாள். சீமெந்து வாய்க்காலைக் கண்டதும் நின்றுவிட்டாள். இழுத்தும் அசையவில்லை. பொழுதுபட, தானே மணந்து பார்த்துவிட்டுத் தாண்டி வந்தாள்.

ஏப்ரல் 19

மிருக வைத்தியர் காலைத் தூக்கிப் பார்த்ததும் கடிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. குளம்பு முன்னுக்கு வளர்ந்து, செருப்பு நுனி போல் வளைந்து கிடக்கிறது. கழுதையின் பூர்வீகம் வடகிழக்கு ஆபிரிக்கக் கற்பாலை. நடக்க நடக்கக் குளம்பு தேயும் நிலம். இது மணல் தீவு. இங்கே ஆறு முதல் பத்துக் கிழமைக்கு ஒருக்கால் சீவிவிட வேண்டுமாம். அந்த நோவோடுதான் ஊர்வலத்தில் நடந்திருக்கிறாள். குதிரை வலித்தால் துள்ளும், ஓடும்; கழுதை மறைக்கும். தாங்க முடியாத நாளில்தான் பல்லைக் காட்டும். நாங்கள் அதைக் குணக்கேடு என்று எழுதிவைத்துவிடுகிறோம்.

மே 11

பக்கத்து வளவுப் பெரியம்மாவோடு சண்டை. பாண், வாழைப்பழம், மிஞ்சின சோறு என்று வேலிக்கு மேலால் வருகிறது. வேண்டாம் என்றால், "பாவம் தம்பி, காஞ்ச வைக்கலைப் போட்டுக் கொல்லுறாய்" என்கிறா. காய்ந்த வைக்கல்தான் ராசாத்திக்கு மருந்து. முருங்கன் பக்கத்து நெல் வைக்கலை லான்ட்மாஸ்டரில் இறக்குகிறேன். கொழுத்த தீனி போட்டால் உடம்பு பெருக்கும். குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகும்.

தீனி போட்டுக் கெடுப்பதில் நமக்குப் பழைய பெயர் உண்டு. எதிர்க்கரைப் பாண்டி நாட்டில் அரபுக் குதிரைகளை வருஷா வருஷம் வாங்கி, வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்துச் சாகடிக்கிறார்கள் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதினார். பெரியம்மாவுக்குச் சொன்னேன். "அவனார் எனக்குச் சொல்ல?" என்றா.

யூன் 6

ராசாத்தி தீனி எடுக்கவில்லை. சோம்பல் என்று விடமுடியாது: கழுதை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுத்து, சில நாளில் ஆளை முடித்துவிடும். வைத்தியர் ஊசி போட்டார். போகும்போது, "தனிய வைச்சிருக்காதேங்கோ" என்றார்.

யூலை 2

தலைமன்னார் வீதியில் வாகனம் அடித்து விழுந்து கிடந்த குட்டியொன்றைக் கழுதை வைத்திய நிலையத்தில் காலில் மாக்கட்டு போட்டுத் தேற்றினார்கள். இந்தத் தீவில் கழுதைகளுக்கென்றே ‘பிரிட்ஜிங் லங்கா’ அமைப்பு ஒரு வைத்திய நிலையம் தொடங்கியது என்பது வெளியூராருக்கு வேடிக்கையாக இருக்கலாம். தெருவைப் பார்த்தவர்களுக்கு இருக்காது. குட்டி இப்போது எங்கள் வளவில். வந்த அன்று ராசாத்தி அதன் காதைக் கடித்தாள். இரவு இரண்டும் ஒரே கொட்டிலில். மறுநாள் வைக்கல் முழுக்கக் காலி. கழுதை வளர்க்க ஆசைப்படுகிறவர் இரண்டாக வளர்க்க வேண்டும். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் ஆசையை விட்டுவிடலாம்.

இன்று ஒருத்தர், "உதுகளை வித்தா என்ன வரும்?" என்று கேட்டார். தோலைக் காய்ச்சிச் சீன மருந்து செய்யும் வியாபாரத்துக்காக ஆபிரிக்காவில் கொன்று தள்ளியதில், 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியமே தோலுக்காகக் கொல்வதை 15 வருஷத்துக்குத் தடைசெய்தது. அதைச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 14

வாடைக்காற்று மழை. கழுதை மயிரில் குதிரைக்கு இருக்கும் எண்ணெய்ப்பிடிப்பு இல்லை, தோல்வரை நனைந்துவிடும். கொட்டிலுக்குப் புதுக் கிடுகு போட்டோம். வளவு இல்லாதவை கடைத் தாவாரங்களிலும், தண்ணி நிற்காத தார் வீதியிலும் ஒதுங்கி நிற்கின்றன. விபத்து கூடுவதும் இந்தக் காலத்தில்தான்.

இரவில் அந்த வீதியால் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடும் மாடும் ஹோன் சத்தத்துக்கு விலகும். கழுதை புரியாத சத்தத்துக்கு ஓடாது; நின்று யோசிக்கும். ஹோன் அடித்துப் பயனில்லை, பிரேக்கைப் பிடியுங்கோ.