பாலாற்றங்கரையில் ஒரு ஞானோபதேச வகுப்பு

வேலூரிலிருந்து மேற்கு நோக்கி ஆம்பூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரமுடையது. செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும் பொய்கை, அதைக் கடந்தால் பள்ளிகொண்டா, பின்னர் மாதனூர், அதற்கப்பால் ஆம்பூர். தெற்கே சவ்வாது மலைத்தொடர் நீலநிறமாய்த் தெரியும். பாலாறு சாலையை விட்டு விலகியும் நெருங்கியும் உடன் வரும். ஆறு என்கிறோமே தவிர, ஆண்டின் பெரும்பகுதி அது மணல்வெளிதான். கருநாடகத்து நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தைச் சிறிது தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைந்து, வயலூரருகே கடலில் கலக்கும் 348 கிலோமீட்டர் நீள ஆறு அது. நீர் மேலே ஓடாவிடினும் மணலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது நம் பெரியோர் வாக்கு. அந்த ஊற்றுகளை நம்பியே இக்கரையில் நெல்லும் தென்னையும் விளைந்தன.

இச்சாலையில் நாம் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். நோயில் பூசுதல் கொடுக்கவும், திருமணம் நிறைவேற்றவும், மறைமாவட்டக் கூட்டங்களுக்கும். ஆயினும் ஒரு கோடை விடுமுறையில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரையும், கன்னியர் இருவரையும், நம் உபதேசியாரையும் ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு சென்ற பயணமே நம் மனத்தில் நிலைத்துவிட்டது. அப்பயணத்திற்குக் காரணம் வகுப்பறையில் நாம் செய்த ஒரு பிழை.

புதுநன்மைக்குச் சிறுவரைத் தயாரிப்பது எளிதான பணியன்று. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் பத்தாம் பத்திநாதர் விடுத்த ஆணையினால், புத்தி விவரம் தெரியும் வயதாகிய ஏறக்குறைய ஏழு வயதிலேயே குழந்தைகள் பாவசங்கீர்த்தனம் செய்யவும் நன்மை வாங்கவும் வழி பிறந்தது. ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்குப் பாவம் என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? இக்கேள்வி புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார், இரண்டே ஆண்டுகளில், 1580-இல், பாவசங்கீர்த்தனத்திற்கென்றே 'கொம்பெசியோனாயரு' என்னும் தமிழ் நூலையும் வெளியிட்டார். தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று பாவத்தை ஆராய்ந்தறியக் கற்பிக்கும் நூல் என்பதை எண்ணி நாம் வியப்பதுண்டு.

நாம் கையாண்ட முறை குருமடத்தில் நாம் கற்றதே. ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்காட்டுவோம். அது ஞானஸ்நானம் பெற்ற ஆன்மா. அதன்மேல் இரண்டு சொட்டு மை விடுவோம். அது அற்பப் பாவம். மைக்கூட்டையே கவிழ்ப்போம், அது சாவான பாவம். குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதையே செய்து வந்தோம். அன்றும் அப்படியே செய்தோம். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

"சாமி, எங்க அப்பா கையிலே சாயக் கறை இருக்குது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அதுவும் பாவமா?"

நாம் வாய் திறக்குமுன்பே பக்கத்திலிருந்த சிறுமி சொன்னாள்: "அவன் வந்தாலே தோல் நாத்தம் அடிக்குது சாமி." வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் டிரம் ஓட்டுபவர். மணியடித்ததும் வகுப்பைக் கலைத்துவிட்டு, அந்தத் துணியை அலமாரியில் திணித்தோம். சிறுவனுக்கு விடை கூறவில்லை.

அன்றிரவு வேதாகமத்தைத் திறந்தோம். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம். நம் ஆதிப் பெற்றோர் பாவத்தில் விழுந்த வரலாறு. அதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். எனினும் 21-ஆம் வசனத்தில் நம் கண் நின்றதில்லை. குற்றம் புரிந்து, அத்தியிலையால் மானத்தை மூடிக்கொண்டு நின்ற அவ்விருவரையும் தோட்டத்திலிருந்து அனுப்புமுன், ஆண்டவரே தோலால் ஆடை செய்து அவர்களுக்கு உடுத்துகிறார். பாவத்திற்குப் பின் மனிதன் பெற்ற முதல் இரக்கத்தின் அடையாளம் தோல்! ஆம்பூர்ப் பக்கத்தில் இத்தனை ஆண்டுகள் பணியாற்றியும் இதை நாம் கவனித்ததில்லை என்று எண்ணி வெட்கினோம்.

அப்போஸ்தலர் பணிநூலின் ஒன்பதாம் அதிகாரமும் நினைவுக்கு வந்தது. நம் முன்னோர் இராயப்பர் என்றழைத்த பேதுரு, யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். யூதரிடையே அத்தொழில் எவ்வளவு இழிவாகக் கருதப்பட்டது என்பதற்கு அவர்களுடைய மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பே சான்று. தோல் பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழத்திற்கு அப்பால்தான் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. சீமோனின் வீடு கடலோரத்தில் இருந்ததாக வேதாகமம் கூறுவதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? ஊர் ஒதுக்கிய அந்த வீட்டின் மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்னும் படிப்பினையைத் திருச்சபையின் முதல் தலைவர் கற்றுக்கொண்டார். தீட்டு என்னும் சொல் தோல் தொழிலாளியை இந்நாட்டில் எப்படியெல்லாம் வதைத்தது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. நம் வெள்ளைத் துணிப் பாடம் அதே கொடுமையை ஞானோபதேசத்தின் பெயரால் ஒரு குழந்தையின் நெஞ்சில் ஏற்றியிருந்தது.

ஆகவே பேருந்தை அமர்த்தினோம்.

ஆம்பூரில் ஓர் இசுலாமியப் பெரியவர் தம் தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்க அன்புடன் அனுமதித்தார். குழந்தைகளுக்குப் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து உபசரித்தார். உப்பிட்டுக் குவித்த தோல்கள், ஊறவைக்கும் தொட்டிகள், மயிர் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகள், வீடளவு பருத்துச் சுழலும் மர டிரம்கள். உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டனர். ஆனால் நம் மூன்றாம் வரிசைச் சிறுவனைப் பார்க்க வேண்டுமே! "இது சுண்ணாம்பு; கையை விடாதே, வெந்துபோகும். இது குரோம் டிரம், உள்ளே போன தோல் நீலமா வெளியே வரும்" என்று நமக்கு முன்னால் நடந்து விளக்கிக்கொண்டே சென்றான். அவனைக் கேலி செய்த சிறுமி அவன் பின்னாலேயே கேள்வி கேட்டுக்கொண்டு போனாள். காலணிப் பகுதியில் நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையாய் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தனர். இக்குழந்தைகளில் பலருடைய பள்ளிக் கட்டணமும் நம் கோவில் வரியும் அத்தகைய கைகளிலிருந்துதான் வருகின்றன.

பெரியவர் மற்றொரு செய்தியும் கூறினார். அவருடைய பாட்டனார் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலைப் பதப்படுத்துவார்களாம். 1970-களில், பாதி பதப்படுத்திய தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் அனுப்புமாறு ஊக்குவித்தது. உள்நாட்டில் வேலை பெருகவேண்டும் என்பதே நோக்கம். வேலை பெருகவும் செய்தது. குரோமிய உப்பினால் பதப்படுத்தினால் நாட்கணக்கும் குறையும். ஆனால் கழிவு நீர் எங்கே போகும் என்பதை எவரும் நெடுநாள் யோசிக்கவில்லை.

அதைக் காணத்தான் பிற்பகலில் ஆற்றங்கரைக் கிராமமொன்றிற்குச் சென்றோம். அங்கே ஒரு பாட்டி, தம் வீட்டுக்குப் பின்னாலிருந்த கிணற்றைக் காட்டினார். தண்ணீர் இருந்தது, ஆனால் மாடும் குடிக்காது. "நான் வாக்கப்பட்டு வந்தப்போ இது இளநீர் மாதிரி இருந்தது சாமி" என்றார். குழந்தைகள் ஒவ்வொருவராக ஒரு சொட்டை நாவில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தனர். குரோமியம் ஒருபுறமிருக்க, தோலைக் கெடாமல் காக்கும் உப்பே நிலத்தடி நீரைக் கரிப்பாக்கிவிட்டது.

நம் உபதேசியார் அப்போது ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கிணற்றைக் கெடுத்தது நீங்களா?" "இல்லை" என்று ஒரே குரலாய்ப் பதில் வந்தது. "பாட்டியின் பேரக்குழந்தை சென்ற மாதம் பிறந்ததே, அது கெடுத்ததா?" மறுபடியும் "இல்லை." "அப்படியானால் அந்தக் குழந்தைக்கு நல்ல தண்ணீர் கிடைக்குமா?" எல்லாரும் மௌனமாயினர். பிறகு அந்தச் சிறுமிதான் மெல்லச் சொன்னாள்: "சாமி, இது சென்மப் பாவம் மாதிரி."

குருமடத்தில் நாம் நான்கு ஆண்டுகள் வேதசாஸ்திரம் படித்தோம். சென்மப் பாவம் என்பது நாம் கட்டிக்கொண்ட பாவமன்று, நாம் பிறந்து பங்குபெறும் நிலை என்று திருச்சபை போதிப்பதை இதைவிடத் தெளிவாய் நமக்கு எவரும் விளக்கியதில்லை. மையும் துணியும் செய்யாததை ஒரு கிணறு செய்தது. அத்துடன், அக்கிணறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது என்பதையும் அவர்கள் கண்டனர். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அதன்பின் சில மாதங்கள் உப்புக் குறைந்திருந்ததாகப் பாட்டி கூறினார். மேலிருந்து வரும் நீர்தான் மீட்க வேண்டும். வரப்பிரசாதத்தைப் பற்றி நாம் சொல்லவேண்டியது அதற்குமேல் அதிகம் இல்லை. (இவ்வுவமையை அளவுக்கு மீறி இழுக்கலாகாது என்பதும் நமக்குத் தெரியும், கிறிஸ்துவின் மீட்பு சில மாதங்களில் வற்றும் வெள்ளமன்று.) இதில் ஒரு வேடிக்கை: நம் பங்கிலேயே ஞானஸ்நானத்திற்கான தண்ணீரை 20 லிட்டர் கேனில் விலைக்கு வாங்குகிறோம்.

திரும்பும் வழியில் பேருந்தில் பரிகாரத்தைப் பற்றிப் பேசினோம். நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டிய ஐந்து காரியங்களில் குழந்தைகள் எளிதில் மறப்பது ஐந்தாவதைத்தான். வேலூர் மக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டி, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று விதித்தது. 2025 சனவரி 30-இல் அதே நீதிமன்றம், இன்னும் இழப்பீடு பெறாத குடும்பங்களுக்கு அரசு பணத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தொழிற்சாலைகளிடம் வசூலிக்குமாறு ஆணையிட்டது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! சக்கேயு அப்படித் தாமதிக்கவில்லை. அநியாயமாய் எடுத்ததை நான்கு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாக அன்றே வாக்களித்தான். மீட்பு அவன் வீட்டுக்கு வந்ததும் அன்றே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன என்பதையும், நேர்மையாய் அவற்றை நடத்துவோர் உளர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. எனினும் மழை பெய்யும் நாட்களில் ஆற்றில் நுரை பொங்குவதை இவ்வட்டாரத்தில் பார்க்காதவர் யார்?

அந்த வாரத்திலேயே ஒரு மாலை, அச்சிறுவனின் தந்தை நம் அறைக்கு வந்தார். பாவசங்கீர்த்தனத்திற்கு அன்று; பேசுவதற்கே. இதை எழுத அவர் இசைந்திருக்கிறார். கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"சாமி, பையன் வந்து எல்லாத்தையும் சொன்னான். ராத்திரியிலே மழை வந்தா, டிரம் தண்ணியை வாய்க்கால்லே திறந்துவிடச் சொல்றாங்க. திறக்கிறது என் கைதான். அது என் பாவமா, சொல்றவங்க பாவமா?"

பிறர் பாவத்தில் நாம் பங்குபெறும் வழிகள் ஒன்பது என்று பழைய ஞானோபதேச நூல்கள் கூறும். ஏவுதல், ஆலோசனை கூறுதல், பேசவேண்டிய இடத்தில் மௌனமாயிருத்தல், மூடி மறைத்தல் என்று அப்பட்டியல் நீளும். அதன்படி ஏவியவருக்கும் அறிந்து பேசாதிருந்தவருக்கும் பங்குண்டு. அச்சமும் வற்புறுத்தலும் குற்றத்தைக் குறைக்கும் என்றும் திருச்சபை போதிக்கிறது. இவற்றையெல்லாம் அவருக்கு எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "குறையும், ஆனா போயிடாது, இல்லையா சாமி?" என்றார்.

"போகாது, தம்பி" என்றோம். அந்தச் சொல்லைக் கூற நமக்கு எளிதாயிருந்தது. நமக்கு மாதாமாதம் வீட்டு வாடகை கட்டவேண்டியதில்லை. அவருக்கோ இரண்டு பிள்ளைகள், நோயாளித் தாய், கூட்டுறவுச் சங்கத்தில் கடன். இதை அவரிடமே சொல்லி, நம் இயலாமைக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் கைகளை முன்னே கொண்டுவந்து சிலுவை வரைந்துகொண்டார். விரல்களில் பழுப்பும் கருமையும் கலந்த சாயம். அந்தக் கறை பாவமன்று என்று அவர் மகனுக்குச் சொல்ல நாம் ஒரு வாரம் தாமதித்திருந்தோம். அவருக்கு அப்போதே சொன்னோம்.

அடுத்த மறைக்கல்வி வகுப்பில், எல்லார் முன்னிலையிலும் அச்சிறுவனிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். குரு ஒருவர் மன்னிப்புக் கேட்பதைக் குழந்தைகள் அதற்குமுன் பார்த்ததில்லைபோலும். சிறிது நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு சிறுமி, எவரும் சொல்லாமலே, தன் பலகையில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவ்வாண்டு புதுநன்மைத் திருநாளன்று அத்தந்தை மகனுக்கு அடுத்தபடியாக நின்று, கைகளை நீட்டி நன்மை வாங்கினார். மழைக்காலம் தொடங்குமுன் டிரம் வேலையை விட்டுவிட்டார். இப்போது பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஓர் உப்புத்தோல் கிடங்கில் மூட்டை இறக்குகிறார். கூலி முன்பைவிடக் குறைவு. கடன் இன்னும் தீரவில்லை. பையன் பீடப்பூக்களாகிய சிறுவரோடு சேர்ந்து ஞாயிறு முதற்பூசைக்கு உதவுகிறான். மணி அடிப்பது அவன் பொறுப்பு. மை கொட்டிய வெள்ளைத் துணியால் நம் உபதேசியார் கரும்பலகை துடைத்துக்கொண்டிருக்கிறார்.