ஏழு பேர் வண்டி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. பதினைந்து வருஷமாக நிற்கிறது என்று சொன்னால், ஓடாத வண்டி போலும் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓடத்தான் செய்கிறது. ஆனால் எந்த மோட்டார் வண்டியும் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரமே அதிகம். அதிலும் தூத்துக்குடியில் ஒரு வண்டி நிற்கும்போதுதான் தேய்கிறது. இந்த உண்மையைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு வருஷமும், கூட்டிப் பார்க்கத் துணிவில்லாத ஒரு தொகையும் செலவாயின.

வாங்கியது 2010 செப்டம்பரில். டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. செய்தவர்கள் பேரில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இனிமேல் நான் அழப்போகிற அழுகையெல்லாம் கடலால் வந்தது, எலியால் வந்தது. பாதிக்கு மேல் என் புத்தியால் வந்தது.

இந்த மாதிரி வண்டிக்கு எஸ்.யூ.வி. என்று பெயர். முதல் எழுத்துக்கு விரிவு ‘ஸ்போர்ட்’டாம். இந்தப் பதினைந்து வருஷத்தில் இதைக்கொண்டு எங்கள் குடும்பம் ஆடிய ஒரே விளையாட்டு, பின்னால் நின்று தள்ளுவதுதான்.

ஏன் இவ்வளவு பெரிய வண்டி என்று அப்போதே பலர் கேட்டார்கள். அப்பா, அம்மா, என் தம்பி, நான், என் மனைவி, இரண்டு குழந்தைகள். எண்ணிப் பாருங்கள், ஏழு. கணக்குக் கச்சிதமாக இருந்தது. குடும்பக் கணக்கு எப்போதும் வாங்குகிற தினத்தன்று கச்சிதமாகத்தான் இருக்கும். வண்டி வாசலில் வந்து நின்றதும் அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, “சினிமாவுல அருவாளோட ஆளுக இறங்குவாங்களே, அந்த வண்டிலா இது?” என்று கேட்டாள்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் பெரிய வண்டி எதுவானாலும் அதற்குச் ‘சுமோ’ என்று பெயர். 1994-இல் வந்த டாட்டா சுமோ அப்படிப் பெயர் வாங்கிவிட்டது. ஜப்பான் மல்யுத்தக்காரனைப் பார்த்து வைத்த பெயர் என்றே நான் வெகு நாள் நினைத்திருந்தேன். அந்தக் கம்பெனியை வளர்த்த சுமந்த் மூல்காவ்கர் என்பவரின் பெயரிலும் குலப்பெயரிலும் முதல் எழுத்துக்களை எடுத்துச் சேர்த்ததாம். 2019-இல் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் இன்றைக்கும் என் வண்டி சுமோதான்.

இனி உப்புக்கு வருகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டிப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். பார்க்க அழகு. அந்தக் காற்றில் ஒரு வண்டி தினமும் நின்றால் என்ன ஆகும்? இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். அந்த ஈரத்தில் உப்புச் சேர்ந்துவிட்டால், மின்சாரம் ஓட வழி கிடைத்த மாதிரி துரு பாய்ந்து போகும். போதாததற்கு, உப்பு தானே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே வெயில் காலத்திலும் வண்டியின் அடிப்பாகம் காய்வதே இல்லை. முன்னால் போகிற உப்பு லாரியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வேறு. மேலே பெயிண்ட் புதுப் பெண் மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும். கீழே குனிந்து பார்த்தால், சேசிஸ் பழைய வீட்டுச் சுவர் மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கும்.

துரு கண்ணுக்குத் தெரிந்தாலாவது பரவாயில்லை. தெரியாத இடத்தில் அது செய்கிற வேலைதான் ஆளைப் பைத்தியம் ஆக்கும். நான்காம் வருஷம் ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போயிற்று என்று நினைத்துப் புதுப் பேட்டரி போட்டேன். இரண்டு நாள் ஓடிற்று, மறுபடியும் ‘டிக்’. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்தேன். ஒரு வாரம் ஓடிற்று, மறுபடியும் ‘டிக்’. மூன்றாவது தடவை, பழைய துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. ஒரு பொருளையும் கழற்றவில்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை எஞ்சினிலும் மாட்டிவிட்டு, “இப்போ அடிங்க அண்ணாச்சி” என்றார். ஒரே அடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

விஷயம் இதுதான். பேட்டரியிலிருந்து மின்சாரம் போவது வயர் வழியாக. திரும்பி வருவது வண்டியின் உடம்பு வழியாக. உடம்பையும் பேட்டரியையும் சேர்க்கிற எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் உப்புப் புகுந்து, செம்பெல்லாம் பச்சைப் பொடியாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினார். வாங்கிய கூலி இருநூறு ரூபாய். அதற்கு முன்னால் நான் தொலைத்தது பன்னிரண்டாயிரம். அன்றிலிருந்து அவர்தான் எங்கள் குடும்ப வைத்தியர்.

வண்டியின் அடிப்பாகத்தை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது அவர் எழுதிக்கொடுத்த மருந்து. கேட்க எளிது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். அதைக்கொண்டு கழுவினால் துருவுக்கு விருந்து வைத்த மாதிரி. நல்ல தண்ணீர் என்றால், வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர்தான். அது வருகிற நாளில் வீட்டில் உள்ள குடம், அண்டா, டிரம் எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். அதில் இரண்டு குடத்தை நான் வண்டிக்கு அடியில் கொண்டுபோய் ஊற்றியதை என் மனைவி பார்த்த தினத்தை விவரிக்க வேண்டாம். “பொதிகை மலையிலேருந்து வார தண்ணியை உங்க சுமோ குளிச்சிட்டுப் போகட்டும், பிள்ளைகளுக்கு நான் கடல் தண்ணியிலே காப்பி போட்டுக் குடுக்கேன்” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு நான் அவள் கோவிலுக்குப் போகிற நேரம் பார்த்துக் கழுவினேன்.

இன்னொரு யோசனை சொன்னவர், எங்கள் தெருவில் தோணித் தண்டலாக இருந்து ஓய்ந்த பெரியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டியவர். மரத்துக்கு உப்பு நண்பன், மழைத் தண்ணீர்தான் பகை. இரும்புக்கு உப்பே பகை என்பார். “வள்ளத்துக்கு சுறா எண்ணெய் பூசுதோம்லா, அதையே உம்ம வண்டிக்கு அடியிலே பூசும்” என்றார். நான் சிரித்தேன். பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன்: ராபர்ட் பெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர், துருப்பிடித்த தளத்தில் சிந்திய மீன் எண்ணெய் துருவை நிறுத்துவதைக் கண்டு, அந்த யோசனையிலிருந்து பூச்சு செய்து, 1921-இல் அமெரிக்காவில் ரஸ்ட்-ஓலியம் என்ற கம்பெனியையே ஆரம்பித்தாராம். அப்புறம் எனக்கு வெட்கம் ஏது? இரண்டு லிட்டர் வாங்கி வந்து பூசினேன்.

ஊரில் உள்ள பூனைகளெல்லாம் எங்கள் வாசலுக்குக் குடிவந்துவிட்டன. பத்து நாள் வண்டிக்கு அடியில் மாநாடு. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்துப் பூனைகள்கூட எங்களை எதிர்கொண்டு அழைத்தன. மனைவி வேறு வண்டியில் திரும்பினாள். ஆனால் வாஸ்தவத்தைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் துரு நகரவில்லை. அதைவிட, மழைக்காலம் தோறும் பானட்டுக்குள் புகுந்து வயரைக் கடித்துவைக்கும் எலி ஒன்றுகூட அந்த வருஷம் வரவில்லை.

இப்படியாக, கையில் ஒரு வாளியோடு வானத்தைப் பார்க்கிறவனாக நான் ஆகிவிட்டேன். மழை பெய்தால் வண்டியைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துவேன். செலவில்லாத நல்ல தண்ணீர் அல்லவா?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் காலையில் மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஒரு நாள் பொழுதில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். இராத்திரி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. வீட்டுப் படிகளைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. மாடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முற்றத்தில் வண்டியின் பானட் தெரியவில்லை. கூரை மட்டும் கவிழ்த்த வள்ளம் மாதிரி தெரிந்தது.

அப்பா 2017-இல் போய்விட்டார். தம்பி கத்தாரில் வேலை. மகள் கோயம்புத்தூரில் படிப்பு. வீட்டில் நாங்கள் நான்கு பேர். விடியற்காலையில் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. மேட்டில் இருந்த எங்கள் முற்றத்தில் மட்டும் தண்ணீர் இறங்கி, பாதிச் சக்கரத்தில் நின்றது. தெருவில் இடுப்பளவு. வண்டி வெளியே தெரிந்தது; நனைந்த யானை மாதிரி, பார்க்க முழுசாக இருந்தது. உயரமான வண்டிதானே, இந்தத் தண்ணீரில் போகாதா என்று மனைவி கேட்டாள். மகன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டான். நான் ஏறி உட்கார்ந்தேன். இருக்கை சொதசொதவென்று இருந்தது. சாவியைப் போட்டேன்.

முன்னொரு மழையில் மெக்கானிக் சொல்லியிருந்தார்: “தண்ணி முங்கின வண்டியிலே சாவியைத் தொடவே தொடாதீங்க அண்ணாச்சி. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது.” எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றை அமுக்குகிறது, அதில் டீசல் பற்றுகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால், பிஸ்டன் வந்து மோதும். அமுங்காத தண்ணீருக்குப் பதிலாகக் கனெக்டிங் ராடு வளையும். ஒரு சாவித் திருப்பலில் எஞ்சின் போய்விடும்.

சாவியை எடுத்துவிட்டேன். “போகாது” என்றேன்.

அரைமணி நேரம் கழித்து, மீனவர்கள் ஒரு ஃபைபர் படகைத் தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மாவை அதில் ஏற்றி, மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாளில் தேறிவிட்டாள். அந்த மனிதர்கள் பணம் வாங்கவில்லை. அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

வண்டி சரியாக ஒன்றரை மாதம் ஆயிற்று. கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். எஞ்சின் ஆயிலைத் திறந்தபோது, பால் அதிகம் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. டீசல் தொட்டியை இறக்கிக் கழுவினார். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றினார்; துளைகளிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. “பாத்தீங்களா, நீங்க திருப்பியிருந்தா இது இரும்புக் கடைக்குத்தான்” என்றார். மூன்று தடவை புது ஆயில் ஊற்றி, ஓட்டி, வடித்தார். இருக்கைகள் ஒரு மாதம் எங்கள் மொட்டை மாடியில் காய்ந்தன. பழைய வண்டி என்று மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்து வைத்திருந்தேன். ஆகவே செலவு முழுதும் என்னுடையது. உறவினர்கள் எல்லோரும் என் சமயோசிதத்தை மெச்சினார்கள். எஞ்சினைக் காப்பாற்றினாயே என்றார்கள்.

அந்த மெச்சுதல்தான் எனக்குச் சங்கடம். சாவியை நான் எடுத்தது எதற்காக? கிளம்பியிருந்தால் நடுத்தெருவில் எஞ்சின் நின்று, அம்மாவை இடுப்பளவு தண்ணீரில் வைத்துக்கொண்டு தவித்திருப்போம். அதனால் எடுத்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது சரியான காரணம். ஆனால் அது எனக்குத் தோன்றியது படகு வந்த பிறகு. சாவியை எடுத்த அந்தக் கணத்தில் என் மனத்தில் இருந்தது வளைந்த ராடும், இரண்டு லட்சம் ரூபாயும்தான். மூச்சுத் திணறிக்கொண்டு அம்மா ஆறடி தூரத்தில் இருந்தாள். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால் சந்தோஷமாக எழுதியிருப்பான்.

அம்மா எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, இருக்கைகள் மாடியில் காய்ந்துகொண்டிருந்தபோது, “அன்னைக்கு இது வரலைலா” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரி சொன்னாள். நான் பிஸ்டன் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “தண்ணி அமுங்காதுதான்” என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் அதன்பின் அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. குளத்து வாசம் அடிக்கிறதாம். ஆட்டோவில் போனாள், பஸ்ஸில் போனாள்.

2025 செப்டம்பரில் பதிவு பதினைந்து வருஷம் முடிவதாக இருந்தது. சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் ஐந்து வருஷம் புதுப்பித்துத் தருவார்கள். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. டிங்கரிங், பெயிண்ட் என்று பட்டறைச் செலவு வேறு. விற்றுவிடலாம் என்பது மனைவியின் அபிப்பிராயம். நான்கு பேருக்கு ஏழு இருக்கை எதற்கு? பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்து, டயரை உதைத்து, ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா வாசலுக்கு வந்தாள். ஜூலையில் திருச்செந்தூர்க் கும்பாபிஷேகத்துக்குக் கூட்டத்துக்குப் பயந்து போகாமல் இருந்துவிட்டாள்; அந்தக் குறை அவளுக்கு இருந்தது. நான் வண்டிக்கு அடியில் குனிந்து, இரும்புக்காரர் சொன்ன விலை நியாயந்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சோதனையிலே பாஸ் ஆகுமாலே?” என்று கேட்டாள்.

“ஆகும்னு நினைக்கேன்.”

நடு வரிசைக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தாள். அவள் ஏறுவதற்காக அப்பா செய்து வைத்த மர முக்காலி பின்னால் கிடந்தது. வெள்ளத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எடுத்துப் போடச் சொன்னாள்.

“ஐப்பசி பொறக்கதுக்கு முன்னாலே திருச்செந்தூர் போயிட்டு வந்துருவோம். மழையிலேதான் இது வராதே” என்றாள்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. மனைவி இரண்டு குடம் பிடித்து, ஒன்றும் பேசாமல் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.