தீ அணைந்த பிறகு

ஊட்டிக்குப் பக்கத்தில் அம்மா தனியாக இருக்கும் வீடு மொத்தமே 200 சதுர அடி. டிசம்பர், ஜனவரியில் விடியும்போது புல்லெல்லாம் உறைபனி. இரவில் அம்மா கும்மட்டியில் கரிக்கங்குகளை அள்ளிப்போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்திவிடுவாள். கேட்டால், "இத்தனை வருஷமா வெக்கிறேன், என்னடா ஆச்சு?" என்பாள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்படிச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்திகள் மலைகளிலிருந்து வந்திருக்கின்றன.

வெள்ளைக்காரர்கள் பங்களாக்களில் கட்டிய கணப்பும் இதற்கு மாற்று இல்லை. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும், அறையின் வெதுவெதுப்பையும் இழுத்துக்கொண்டு. முகம் காயும், முதுகு நடுங்கும்.

விறகுப் பஞ்சத்தில் தவித்த ஸ்வீடனில் 1767இல் கிரோன்ஸ்டெட், ரீட (விரேடெ) என்ற இருவரிடம் நல்ல அடுப்பு ஒன்றை வடிவமைக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் புகையை நேராக மேலே விடாமல், கல்லுக்குள் ஏற்றி இறக்கிச் சுற்றவிட்டார்கள். வெளியேறுவதற்குள் புகை தன் சூட்டைக் கல்லிடம் கொடுத்துவிடும். நன்றாகக் காற்று விட்டு, வேகமாக எரித்து, அணைத்துவிடலாம். அதன் பிறகு அறையைச் சூடாக்குவது தீ அல்ல, சுவர்.

கணக்கு எளிமையானது. காய்ந்த விறகு 5 கிலோவில் சுமார் 20 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் 14 யூனிட் கல்லில் தங்கினால், ஒரு டன் செங்கல் 60 டிகிரி சூடேறும். ஒரு கிலோவாட் ஹீட்டரை 14 மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம். சாயங்காலம் ஒரு மணி நேரம் எரித்தால் விடியும்வரை தாங்கும்.

ஒரு டன் என்றால் கிட்டத்தட்ட 330 செங்கல். அதற்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். உள்கூடு தீச்செங்கல், வெளிக்கூடு சாதாரணச் செங்கல். உள்கூடு அதிகமாக விரியும் என்பதால் நடுவே மெல்லிய இடைவெளி. பூச்சுக்குக் களிமண்ணும் மணலும். "சிமென்ட் இல்லாமலா?" என்று கொத்தனார் சிரித்தார். தீ படும் இடத்தில் சிமென்ட் வெடித்துவிடும் என்றதும், "அப்ப எங்க தாத்தா வேலைதான்" என்றார். புகை மேலே ஏறி, இரண்டு பக்கமும் கீழிறங்கி, அடியிலிருந்து புகைபோக்கிக்குப் போகும். கல் குளிர்ந்திருக்கும்போது புகை கீழிறங்க அடம்பிடிக்கும். பற்றவைக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன்.

வரைபடத்தில் நான் அதிக நாள் உட்கார்ந்திருந்தது புகைபோக்கியை மூடும் தகட்டில்தான். தீ அணைந்ததும் அதை மூடினால் சூடு தங்கும். கங்கு மிச்சமிருக்கும்போதே மூடினால், கும்மட்டியில் இருக்கும் அதே ஆபத்து. ரஷ்யாவில் அடுப்புத் தகட்டைச் சீக்கிரம் மூடியதால் இறந்தவர்கள் உண்டு. இந்த நச்சுக்கு 'உகார்' என்று அவர்கள் மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது.

அம்மாவுக்குத் தூக்கம் வந்தால் கங்கையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள். அதனால் முழுதாக மூடவே முடியாதபடி தகட்டில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறேன். அந்த வழியாக ராத்திரியெல்லாம் கொஞ்சம் சூடு போகும். போகட்டும்.