நான் சொன்னேன், அவர் செய்தார்



கல்லூரி நாட்களில் ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ எனக்குப் பாடமாயிருந்தது. ஸ்காட்லாந்து மன்னன் டங்கனின் கொலைக்கு மாக்பெத்தின் மனைவியே முழுக் காரணம் என்று தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண் பெற்றேன். பல ஆண்டுகளுக்குப் பின், மும்பையில் என் மகளுக்கு அதே நாடகத்தை விளக்க நேர்ந்தபோது, அந்தப் பக்கங்கள் என்னையே விசாரிக்கத் தொடங்கின.

வரலாற்றின் டங்கன் 1040இல் போரில் மடிந்தவன். 1606 அளவில் எழுதப்பட்ட நாடகத்திலோ, மாக்பெத்தின் மாளிகையில் விருந்தினனாய் உறங்குகையில் கொல்லப்படுகிறான். ‘நீ அரசனாவாய்’ என்று சூனியக்காரிகள் சொன்னவுடனே மாக்பெத்தின் மனத்தில் கொலையெண்ணம் நிழலாடிவிட்டது. அப்பொழுது மனைவி அருகில் இல்லை. பின்பு அவன் கடிதத்தின் மூலமே அறிந்தாள். ஆகவே அவன் நெஞ்சில் அவ்விதையை விதைத்தவள் அவள் அல்லள்.

ஆனால் அந்த இரவில் அவன் மனம் மாறினான். டங்கன் தன் உறவினன், தன் அரசன், தன் விருந்தினன் என்று எண்ணி, இக்காரியம் இனி வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னான்.

அப்பொழுது அவள் செய்ததைக் கவனியுங்கள். அவள் நியாயம் பேசவில்லை. அவனைக் கோழை என்று குத்திக்காட்டினாள். அவனுடைய அன்பையும் ஆண்மையையும் தராசில் வைத்தாள். காவலரின் பானத்தில் மயக்கமருந்து கலந்தவளும், குறுவாள்களை எடுத்துவைத்தவளும் அவளே. எனினும், உறங்கும் முதியவர் தன் தகப்பனைப்போலத் தோன்றியதால், தன் கையால் குத்த அவளுக்கு மனம் வரவில்லை. தன்னால் செய்யக்கூடாததைக் கணவனைக்கொண்டு செய்வித்தாள்.

இதை மகளுக்குச் சொல்லும்போது என் குரல் தடுமாறிற்று.

நாங்கள் மும்பைக்கு வந்த புதிதில், அறைக்கு முன்பணம் கொடுக்க வழியில்லை. என் கணவர் ஒரு பட்டறையில் சரக்கு வாங்கும் பொறுப்பில் இருந்தார். பில் தொகையைக் கூட்டி எழுதலாமா என்று ஒருநாள் அவரே சொன்னார்; மறுநாளே வேண்டாம் என்றார். நான் விடவில்லை. “பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு கூரை தேடத் தெரியாதவருக்குக் கல்யாணம் எதற்கு?” என்றேன். மூன்று நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் அவர் எழுதினார். ஓராண்டு கழித்துத் தாமாகவே முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, மாதாமாதம் திருப்பிச் செலுத்தினார். அப்பொழுதும் நான், “சொன்னது நான், செய்தது நீங்கள்தானே!” என்றேன்.

பாங்க்கோவைக் கொல்ல ஆள் அனுப்பியபோது மாக்பெத் மனைவிக்குத் தெரிவிக்கவும் இல்லை. முதல் கொலைக்கு அவளுடைய நாவு தேவைப்பட்டது. அடுத்ததற்கு அதுவும் தேவைப்படவில்லை. அவன் மனச்சாட்சியின் வாயை அடைத்தவளால் அதை மறுபடியும் பேசவைக்கக் கூடவில்லை. சிறிது தண்ணீரில் எல்லாம் போய்விடும் என்றவள், கடைசியில் உறக்கத்தில் நடந்து, இல்லாத இரத்தக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பழி என்பது இருவர் பங்கிட்டால் பாதியாகக் குறைவதன்று. குத்தியவனுக்கும் முழுமை, தூண்டியவளுக்கும் முழுமை.

அன்றிரவு என் கணவரிடம், “அந்தப் பில்லை உங்களை எழுதவைத்தது நான்தான்” என்றேன். வெகுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு, “எழுதின கை என்னுடையதுதானே” என்றார். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் இருவரும் அதைப்பற்றி உண்மை பேசியது அன்றுதான்.

வாசகரே, உங்கள் துணைவர் ‘வேண்டாம்’ என்று தயங்கி நிற்கும் வேளையில், உங்கள் வாயிலிருந்து புறப்படும் சொல் எது?